ஈயம் யார் கையில்

வருவாய்த் துறையில் நான் உட்கார்ந்த மேசைகளிலேயே யாரும் விரும்பிக் கேட்டு வாங்காதது ஆயுத உரிம மேசைதான். பட்டா மேசையின் நெரிசல் அங்கே இருக்காது. தேர்தல் வந்தால் மட்டும் பரபரப்பு. உரிமம் உள்ளவர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார்களா என்று பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். மற்ற நாட்களில் பழைய பதிவேடுகளும் நானும்தான்.

திருத்தணி வட்டத்துப் பதிவேடுகளில் பெரும்பாலும் பயிர்ப் பாதுகாப்புக்கான நாட்டுத் துப்பாக்கிகளே இருக்கும். ஊர், சர்வே எண், பயிர், தொல்லை தரும் மிருகம், குழல் ஒற்றையா இரட்டையா, எவ்வளவு வெடிமருந்து, எவ்வளவு ஈய ரவை. வேர்க்கடலைக்குப் பன்றி என்பதுதான் அதிகம். ஓய்வு பெற்ற பிறகு மாவட்ட வரலாறுகளைப் படிக்க ஆரம்பித்தபோது, அந்தக் கட்டங்களில் கடைசி இரண்டின் பொருள் எனக்கு விளங்கியது. புத்தகங்கள் குழலைப் பற்றியே பேசுகின்றன. யார் எந்தத் துப்பாக்கி வைத்திருந்தார்கள், எந்தப் படையிடம் எத்தனை இருந்தன என்று கணக்குச் சொல்கின்றன. சர்க்கார்கள் மட்டும் எந்தக் காலத்திலும் ஈயத்தின் மீதும் மருந்தின் மீதும் ஒரு கண் வைத்தே இருந்திருக்கின்றன. தோட்டா யார் கையில் இருந்ததோ, துப்பாக்கியும் அவர்களுக்கே கட்டுப்பட்டது.

எங்கள் மலைமேல் இருக்கிற சாமியே வேடர் வீட்டு மாப்பிள்ளை. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கவண் சுழற்றிக் கிளி விரட்டிய வள்ளிதான் இந்தப் பக்கத்தின் முதல் பயிர்க் காவலாளி. கவணுக்குக் கல் காலடியிலேயே கிடந்தது. யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை, யாரும் அதைத் தடுக்கவும் முடியாது. துப்பாக்கி வந்த பிறகுதான் எறிபொருளுக்காக இன்னொருவரை எதிர்பார்க்கும் நிலை வந்தது.

18ஆம் நூற்றாண்டில் திருத்தணி, கார்வேட்டிநகரம் பாளையத்தைச் சேர்ந்த ஊர். கிழக்கிந்தியக் கும்பினியாரின் கடிதங்களில் பொம்மராஜு பாளையம் என்று வருவது இதுதான். ஆற்காட்டு நவாபு, கும்பினி, மைசூர் என்று மூன்று பக்கத்துப் படைகளும் இந்த வழியாகத்தான் போய் வந்தன. 1780 ஆகஸ்டில் வடக்கிலிருந்து காஞ்சிபுரம் நோக்கி வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் படையைக் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் பல நாள் நிறுத்திவைத்தது. செப்டம்பர் 10ஆம் தேதி பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் அந்தப் படையைச் சுற்றி வளைத்தார்கள். பெய்லியின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதற்குப் பின் கையில் இருந்த துப்பாக்கிகளால் ஒன்றும் ஆகவில்லை. மிஞ்சியவர்கள் கைதிகளாகச் சீரங்கப்பட்டணம் போனார்கள். மறு ஆண்டு செப்டம்பர் 27 அன்று, எங்களுக்கு மேற்கே இருக்கும் சோளிங்கரில் கும்பினித் தளபதி அயர் கூட் ஹைதரை வென்று கணக்கைத் தீர்த்தார்.

1806 ஜூலை 10 அன்று வேலூரில் நடந்ததும் இதே பாடம்தான். சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். தப்பிய வெள்ளைச் சிப்பாய்கள் சிலர் மதில்மேல் ஒதுங்கி நின்றார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரையில் விரைந்து வந்த கும்பினி அதிகாரி கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதிலேறியபோது, அவர்களிடம் ஒரு தோட்டாகூட மிச்சமில்லை. துப்பாக்கி முனையில் செருகிய கத்தியோடு பாய வைத்துத்தான் அவர் நேரம் கடத்தினார், பீரங்கி வந்து சேரும்வரை.

இதற்கு ஐந்தாண்டு முன்பே, 1801 டிசம்பரில், சென்னை கவர்னராக இருந்த எட்வர்டு கிளைவ் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து பிரகடனம் போட்டிருந்தார். கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் அதில் உத்தரவு இருந்தது. 1857இல் வடக்கே கலகம் மூண்டதற்கு உடனடிக் காரணம் புதிய என்ஃபீல்டு துப்பாக்கி என்பார்கள். துப்பாக்கியின்மீது சிப்பாய்களுக்குக் கோபம் இல்லை. பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டிய தோட்டாவின் காகித உறையையும் அதில் தடவிய கொழுப்பையும்தான் அவர்கள் மறுத்தார்கள்.

லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது வந்த 1878ஆம் ஆண்டின் 11ஆம் சட்டத்தை எழுதியவர்களுக்கு இந்த நூறாண்டுப் பாடம் நன்றாக மனப்பாடம் ஆகியிருந்தது. இந்த நாட்டுக்காரன் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது பலருக்கும் தெரியும். அதில் படைத்தளவாடம் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தை அதிகம் பேர் படித்ததில்லை. சர்க்கார் அறிவிக்கும் இடங்களில் காரீயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவையும் படைத்தளவாடமே என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். குண்டாக வார்க்காத ஈயக்கட்டியைக்கூடச் சட்டத்துக்குள் இழுக்க வழி வைத்தார்கள். வெள்ளைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. குடகர்களுக்கும் விலக்கு இருந்தது. அது இன்றுவரை நீள்கிறது. மற்றவர்களுக்கு ஏன் இந்தப் பாகுபாடு என்று கேட்டு, 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் பிபின் சந்திர பால் ஆவேசமாகப் பேசினார். சட்டம் அசையவில்லை.

அந்தச் சட்டத்தின் நிழலில்தான் நாட்டுத் துப்பாக்கி எங்கள் மலைப்பக்கத்தில் நீடித்தது. மேல்நாடுகளில் பித்தளைத் தோட்டா வந்ததும், வாய்வழியே கெட்டிக்கும் துப்பாக்கி பரணுக்குப் போய்விட்டது. இங்கே பின்னும் நூறாண்டுக்கு மேல் அது வேலை செய்தது. பழமையின் மேல் உள்ள ஆசையால் யாரும் அதை வைத்திருக்கவில்லை. பித்தளைத் தோட்டா பட்டணத்துக் கடையில்தான் கிடைக்கும். உரிமப் புத்தகத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வாங்க முடியாது. நாட்டுத் துப்பாக்கிக்கோ மருந்து போட்டு, நார் அடைத்து, ரவை கொட்டி, மறுபடி நார் அடைத்து, தீப்பொறி தரும் கேப்பு வைத்தால் முடிந்தது. இதில் ரவையும் நாரும் வீட்டுச் சரக்கு.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ஊசிமணி பாசிமணி விற்க வரும் நரிக்குறவர்களில் மூத்தவர் ஒருவர், உரிமம் புதுப்பிக்க என் மேசைக்கும் வருவார். துப்பாக்கியைத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஏந்திக்கொண்டு வருவார். அவருடைய அப்பா காலத்தில் ரவை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டேன்.

"ஈயத்த உருக்கி ஊத்தறதுதான் சாமி. வலைக்குக் கட்டற குண்டு, பழைய பேட்டரித் தகடு, எது கெடைச்சாலும் சட்டியில போடுவோம். கடையில போயி யாரு வாங்கறது? கடைக்காரன் சீட்டு கேப்பான்."

"இப்ப?"

"இப்ப எதுக்கு சாமி ஈயம்? சுடக் கூடாதுன்னுட்டாங்களே."

அவர் சொன்ன முறை உலகம் முழுக்க இருந்ததுதான். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், விறகடுப்பே போதும். இரண்டு பாதியாகத் திறக்கும் அச்சில் ஊற்றினால் குண்டு. மேலிருந்து துளித்துளியாக விழவிட்டால் தானே உருண்டைபிடித்து ரவை. 1782இல் பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் இதற்குக் காப்புரிமை வாங்கி, ஈயத்தை உயரத்திலிருந்து தண்ணீரில் சொட்டவிட வீட்டையே கோபுரமாக உயர்த்திக் கட்டினார். அங்கே அது தொழிற்சாலையாக வளர்ந்தது. எங்கள் பக்கத்தில் அடுப்பங்கரையோடு நின்றது. அடுப்பங்கரையில் நின்றதால்தான் சர்க்காரின் கைக்கு அது எட்டவில்லை.

தோட்டாத் துப்பாக்கிக்காரர்களின் பாடு வேறு. சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பெயர்போன பி. ஓர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றது; ஓக்ஸ் கம்பெனியும் விற்றது. குழல்மேல் அவர்கள் பெயரும் மதராஸ் என்ற ஊர்ப் பெயரும் வெட்டிய துப்பாக்கிகள் இன்றும் வெளிநாட்டு ஏலங்களில் தலைகாட்டுகின்றன. வாங்கியவர்கள் ஜமீன்தார்கள், கலெக்டர்கள், எஸ்டேட் துரைகள், ரயில்வேக்காரர்கள். பணம் இருந்தது, பதவியும் இருந்தது. ஆனாலும் இவர்களையும் சர்க்கார் ஈயத்தில்தான் பிடித்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் விடக் கூடாது என்று தடை வந்தது. அந்த அளவில்தான் பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கி இருந்தது. அது எல்லைப்புறத்தில் கலகக்காரர் கைகளுக்குப் போயிருந்தது. துரைமாரின் வேட்டைத் தோட்டாவிலிருந்து ஈயக்குண்டைப் பிடுங்கி அதில் போட்டுவிடுவார்கள் என்று பயம். விளைவாக, லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470, .475 என்று புதுப்புது அளவுகளில் பெரிய ரைஃபிள்கள் செய்ய வேண்டியதாயிற்று. இன்றும் ஆப்பிரிக்கக் காடுகளில் .470க்கு மவுசு இருக்கிறது. அது பிறந்தது இந்திய சர்க்காரின் ஒரு தடையுத்தரவில்.

இந்தச் சந்தில் நுழைந்து வந்த அமெரிக்கச் சரக்குதான் வின்செஸ்டர் .405. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1895ஆம் ஆண்டு மாதிரி ரைஃபிள். 1904இல் அதற்கு இந்தப் பெரிய தோட்டா வந்தது. விசைக்குக் கீழே வளையம்போல் ஒரு நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட உறை வெளியே துள்ளி விழுந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். தோளிலிருந்து இறக்காமலே அடுத்த வேட்டு போடலாம். பழைய நெம்புகோல் ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு நீளக்குழாயில், ஒன்றன் முதுகில் ஒன்று மூக்கை வைத்துப் படுத்திருக்கும். கூர்மூக்குக் குண்டு போட்டால் முன்னால் இருக்கும் தோட்டாவின் கேப்பில் இடித்து உள்ளேயே வெடித்துவிடக்கூடும் என்பதால் மூக்கைத் தட்டையாக்கி வார்ப்பார்கள். 1895 மாதிரியில் பிரவுனிங் குழாயை எடுத்துவிட்டுப் பெட்டி வைத்தார். தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவில் சிங்கம் சுட்டது இதில்தான்.

நம் பக்கத்தில் இதைப் பிரபலமாக்கியவர் கென்னத் ஆண்டர்சன். 1910இல் பிறந்து, பெங்களூரில் விமானத் தொழிற்சாலை வேலையில் இருந்துகொண்டு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, தலைமலைக் காடுகளில் திரிந்தவர். ஆட்கொல்லிகளைத் துரத்திய கதைகளில் அவர் கையில் இருப்பது இந்த .405தான். அவருடைய முதல் புத்தகம் 1954இல் வந்தது. அதிலேயே எங்களுக்கு வடக்கே உள்ள சாமலா பள்ளத்தாக்கின் புலி இருக்கிறது. அடுத்ததில் மாமண்டூர்ப் புலி. சென்னையிலிருந்து பம்பாய் போகும் ரயில் அரக்கோணம், திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா தாண்டிக் காட்டுக்குள் நுழையும் இடம்தான் மாமண்டூர். எங்கள் ஊர் பிளாட்பாரத்தில் நின்று போன வண்டிகளின் வழியில் புலி இருந்தது என்பதை இன்றைக்கு மொட்டை போட வரும் பக்தர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த ரகத்து ரைஃபிள் ஒன்றை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து எங்கள் ஊருக்குக் குடிவந்த குடும்பம். தாத்தா இறந்து, உரிமம் காலாவதியாகி, துப்பாக்கி காவல் நிலையத்தில் கிடந்தது. நீலப் பூச்சு போய்க் குழல் சாம்பல் நிறமாகியிருந்தது. கட்டையில் ஓரிடம் கரையான் தின்றிருந்தது. ஆனால் நெம்புகோல் மட்டும் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. பேரன் என்னிடம் வந்தான்.

"சுடறதுக்கு இல்ல சார். தாத்தா ஞாபகமா, நல்லபடியா வேலை செய்யற மாதிரி சரிபண்ணி வெச்சிக்கணும், அவ்ளோதான்."

"வேலை செய்யற மாதிரி இருந்தா உரிமம் வேணும்பா. இனிமே எந்த மெக்கானிக்கு வந்தாலும் வேலை செய்ய வைக்க முடியாதுன்னு ஆயிட்டாதான் வேணாம்."

அவன் நான் கேலி செய்வதாக நினைத்தான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வழக்கொழிந்த மாதிரியோ, தொல்பொருள் மதிப்புள்ளதோ, பழுதானதோ எதுவாயினும், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாது என்றால்தான் சட்டத்துக்கு வெளியே. மற்றப் பழம்பொருள்களை மீட்டெடுக்கிறவர்கள் போன உயிரைத் திரும்பக் கொண்டுவருவதற்காக உழைக்கிறார்கள். பழைய வண்டி ஓடினால் மதிப்பு, பழைய கடிகாரம் மணியடித்தால் மதிப்பு. துப்பாக்கியில் மட்டும் உயிர் திரும்பினால் அது அந்தக் கணமே ஆயுதம். நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ள அதைக் கொன்றாக வேண்டும்.

பேரன் உரிமம் வாங்கியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. 1895 மாதிரியின் உற்பத்தி 1940இல் நின்றது. .405 தோட்டாவும் சில ஆண்டுகளில் கடைகளிலிருந்து மறைந்தது. சுதந்திரத்துக்குப் பின் நம் சர்க்கார் தொழிற்சாலைகள் 12 போர் தோட்டாவும் .315 தோட்டாவும் செய்தன; .405 செய்யவில்லை. அமெரிக்காவில் அந்த இடைவெளியை அடுப்பங்கரைக்காரர்கள் நிரப்பினார்கள். 1884இல் நியூ ஹேவனில் தொடங்கிய ஐடியல் கம்பெனி வீட்டில் குண்டு வார்க்க அச்சும் இடுக்கியும் விற்றது. பின்னால் லைமன் அதை எடுத்துக்கொண்டது. சுட்ட உறையைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, ஈயம் வார்த்து, அதையே மறுபடி நிரப்பிச் சுடுவது அங்கே தாத்தா பேரனுக்குச் சொல்லித்தரும் கைப்பழக்கம். வெறும் காரீயம் இளகல். வேகமாகப் போனால் குழலின் வரிப்பள்ளங்களில் தேய்ந்து அப்பிக்கொள்ளும். அதனால் வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்து கடினமாக்குவார்கள். அதற்கு அவர்கள் தேடி அலைந்த சரக்கு பழைய அச்சுக்கூடத்து எழுத்து உலோகம். அதில் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கும். இங்கே ஆஃப்செட் வந்து லெட்டர்பிரஸ் சாய்ந்தபோது, கல்யாணப் பத்திரிகை அடித்த எங்கள் ஊர் அச்சகங்களின் எழுத்துகளும் எடைக்குப் போயின. அமெரிக்கக்காரன் கண்ணில் பட்டிருந்தால் முத்தமிட்டிருப்பான். நம் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் அவற்றைச் செய்யும் கருவிகளும் தோட்டா என்றே கணக்கு. உரிமமில்லாத அச்சு ஒன்றே வழக்குப் போடப் போதும். அதனால் அந்தக் கைப்பழக்கம் இங்கே வேர்பிடிக்கவே இல்லை. பணக்காரனின் வின்செஸ்டர் பட்டினி கிடந்து செத்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நாட்டுத் துப்பாக்கி கடலைக்காட்டில் வேட்டுப் போட்டுக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவே துப்பாக்கிகள் இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டங்கள் நகர்ந்தன. 1911 வரை வட ஆற்காடு. அந்த ஏப்ரலில் பிறந்த சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணி போனது. 1953 அக்டோபர் 1 முதல் ஆந்திர மாநிலம். ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டமும் எல்லைத் தகராறில் படாஸ்கர் தந்த தீர்ப்பும் முடிந்து, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பி, செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம். தாத்தா தெலுங்கு முத்திரையிலும் பேரன் தமிழ் முத்திரையிலும் ஒரே குழலுக்கு உரிமம் வாங்கிய வீடுகள் பள்ளிப்பட்டுப் பக்கம் உண்டு.

1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், உண்மையாகவே பயிர் காப்பதற்கு என்றால் வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று விவசாயியை மதித்துத் தனியாக எழுதியது. பத்தாண்டில், 1972இல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துப்பாக்கி இருக்கலாம், சுடத்தான் கூடாது என்ற நிலை. வேர்க்கடலைக்காரர் வானத்தைப் பார்த்து வேட்டுப் போட்டார். நரிக்குறவர்கள் காட்டை இழந்து கடைத்தெருவுக்கு வந்தார்கள். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான். காடு அழியாமல் இருக்க அந்த 1972 சட்டம் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்கிறேன்.

இப்போது உரிமங்கள் எல்லாம் கணினிக்கு ஏறி, ஒவ்வொன்றுக்கும் தனி எண் வந்துவிட்டது. ஒப்படைத்த துப்பாக்கிகளில் நல்லதாக ஒன்றிரண்டைச் செயலிழக்கச் செய்து எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக்கூடத்தில் வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதைவிட அவசரம் பழைய பதிவேடுகள். எந்த ஊரில் எந்த ஆண்டு என்ன பயிர், எந்த மிருகம் எதுவரை வந்தது, யாருக்கு எவ்வளவு மருந்தும் ரவையும் அனுமதித்தார்கள் என்று இத்தனை துல்லியமாக வேறு எந்த அரசு ஆவணமும் சொல்லாது. கழிவுக் காகிதத்தோடு ஏலம் போவதற்குமுன் அவற்றை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லி மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இத்தனை வருடம் மற்றவர்கள் மனுவுக்கு நான் குறிப்பு எழுதினேன். என் மனுவுக்கு யாராவது எழுதாமலா போய்விடுவார்கள்?